மழை நாளில் அளந்த நிழல்

என் தகப்பனார் ஒரு சாத்திரியார். கோப்பாய்க்குப் போகும் ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வலிகாமம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளை பிறந்தால் சாதகக் குறிப்பு எழுதுவிக்க, கலியாணம் பேசினால் இரண்டு குறிப்புகளைப் பொருத்திப் பார்க்க, வீடு கட்ட நாள் வைக்க வந்தார்கள். காணாமற்போன மாட்டைக் கேட்டும் சிலர் வருவதுண்டு. அவர்களை மட்டும் அவர் விறாந்தையில் இருத்துவதில்லை. "மாடு போன பக்கம் மாட்டுக்குத்தான் தெரியும். முதல் உம்மடை வேலியைப் போய்ப் பாரும்," என்று அனுப்பிவிடுவார்.

கிரகங்கள் சொல்லும் பலனில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஐயாவின் கணக்கில் முழு நம்பிக்கை இருந்தது. ஒரு நாள் அறுபது நாழிகை, ஒரு நாழிகை அறுபது விநாடி. சூரியன் உதித்து எத்தனை நாழிகை, எத்தனை விநாடியில் பிள்ளை பிறந்தது என்ற ஒரே எண்ணிலிருந்துதான் மற்றெல்லாம் இறங்கி வரும். அந்த எண் இரண்டு மணித்தியாலம் பிசகினால் லக்கினம், அதாவது வீடுகளை எண்ணத் தொடங்கும் ராசி, மாறும். லக்கினம் மாறினால் கிரகங்கள் நிற்கும் வீடுகளும் மாறிவிடும். பத்து வயதிலேயே அவர் கூட்டிக் கழித்த தாள்களை வாங்கி நான் சரிபார்ப்பேன். "பிழை பிடியடி பாப்பம்," என்பார். பிடித்துவிட்டால் அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். பிழையான எண்ணை அவர் அழிப்பதில்லை. அதன்மேல் ஒரு கோடு மட்டும் இழுத்து, பிழையும் தெரியும்படி விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதுவார். "அழிச்சால் நான் பிழை விடாதவன் எண்டு நினைப்பினம். அது பொய்யெல்லோ?" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு பேச்சை நான் வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்தேன்.

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். அவளுடைய குறிப்பில் செவ்வாய் எட்டாம் வீட்டில் நின்றது. அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதே குற்றம் உள்ள மாப்பிள்ளை கிடைத்தால் மட்டும் செய்யலாம். வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாக அந்த எட்டாம் வீட்டில் முட்டித் திரும்பிப் போயின. தங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒன்றுக்கு இரண்டு குறிப்பு எழுதி வைத்திருந்த சாத்திரிமாரை எங்களுக்குத் தெரியும். ஐயா அதைச் செய்யவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் வெற்றிலை போட முந்தியே, "செவ்வாய் எட்டிலை. ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை," என்று அவரே சொல்லிவிடுவார்.

அதனால் அவருடைய பெயர் வளர்ந்தது. மயிலிட்டியிலிருந்து வண்டில் பூட்டிக்கொண்டு வந்த ஒரு சம்மாட்டியார், நான்கு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், விறாந்தையில் இருந்து தன்னுடன் வந்தவருக்குச் சொன்னார்: "தன்ரை பெட்டைக்கே மாத்தி எழுதாத மனுசன். எங்களுக்கு மாத்துவாரே?" குசினிக்குள் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "என்ரை செவ்வாய் ஐயாவுக்கு நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருக்கிறது. பின்னேரம் மூன்றரைக்கு மணியடித்துப் பிள்ளைகளை விடுவார்கள். அந்த மணி கேட்டதும் அக்கா ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவாள். வீட்டு மணிக்கூடு ஓடினாலும் நின்றாலும் அவளுக்கு அதுதான் நேரம். அவள் வளர்ந்த நாளிலிருந்து அந்தத் தேத்தண்ணியை வேறு யாரும் கொண்டுபோனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் தங்கி மருத்துவிச்சி வேலை படித்தேன். ஐயாவிடம் பழகிய கணக்குப் பழக்கம் அங்கே எனக்கு உதவியது. காய்ச்சல் அளவை எழுதும் தாளில் பிழை வந்தால் அழிக்காமல் ஒரு கோடு இழுப்பேன். படிப்பு முடிந்து ஊருக்கு வரும்போது ஒரு சைக்கிளும், சேலைத் தோளில் குத்திக்கொள்ளும் சிறிய மணிக்கூடும், ஒரு தோற்பையும் என்னிடம் இருந்தன. பைக்குள் கத்தரிக்கோல், கட்டு நூல், நகத் தூரிகை, லைசோல் போத்தல், போரிக் பவுடர், அவித்த துணி, எல்லாவற்றுக்கும் மேலே கொப்பியும் பென்சிலும். அந்த ஒழுங்கு மாறினால் எனக்குக் கை ஓடாது.

பிள்ளைப்பேறு நடக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் தலை தெரிந்ததும் உள்ளே நிற்கும் ஒரு பெண் தேசிக்காய் ஒன்றை, எலுமிச்சங்காயைத்தான் அப்படிச் சொல்வோம், வாசலால் வெளியே உருட்டிவிடுவாள். வெளியே காத்திருக்கும் ஆண் அதைக் கண்டதும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மணிக்கூடு உள்ள வீடென்றால் அதைப் பார்ப்பார். இல்லாத வீட்டில் முற்றத்து வெயிலில் நின்று தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அடி அடியாக அளப்பார். அந்த அடிக் கணக்கை ஐயா நாழிகையாக மாற்றுவார்.

என் மணிக்கூட்டு நேரத்தையும் தேசிக்காய் நேரத்தையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தேன். இரண்டும் ஒத்துப்போனது அபூர்வம். ஒரு வீட்டில் தேசிக்காய் வாசற்படியில் முட்டி நின்றுவிட்டது. ஒரு வீட்டில் பூனை தட்டிக்கொண்டு போனது. இன்னொரு வீட்டில் காவல் நின்ற மாமனார் சுருட்டுப் பற்றவைக்க அடுத்த வளவுக்குப் போய்விட்டார். இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இனி உன்ரை மணிக்கூட்டைத்தான் நம்புவன்," என்றார். அன்றைக்கு என் மனம் நிறைந்திருந்தது.

நேரத்தைக் கொஞ்சம் மாற்றித் தரும்படி கேட்டவர்களும் இருந்தார்கள். "ஒரு பத்து நிமிசம் பிந்திப் போடு பிள்ளை. ஆயிலியம் கழிஞ்சிடும்," என்று ஒரு கிழவி என் கையைப் பிடித்தாள். ஆயிலிய நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமிக்கு ஆகாது என்பார்கள்.

"மாட்டன் ஆச்சி. பிறந்த நேரம் பிறந்த நேரம்தான்."

"அப்பன்ரை பிள்ளையெல்லோ! ஈரமில்லாத சாதி," என்று அவள் திட்டியதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய அடுத்த வருஷம், கார்த்திகைக் கடைசியில், உரும்பிராயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தோட்டக்காரக் குடும்பம். மாப்பிள்ளையின் தாயே தன் தமையனைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். வாயும் மனமும் ஒன்றான மனுசி.

"உங்கடை பிள்ளையை என்ரை மகன் கோயிலடியிலை கண்டவனாம். அண்டு தொடக்கம் தோட்டத்திலை தண்ணி மாறப் போனால் பாத்தி நிரம்பி ஒழுங்கைக்கு ஓடுறதும் தெரியாமல் நிக்கிறான். வெங்காயம் அழுகிறதுக்கு முந்திக் கட்டிவைப்பம் எண்டு வந்தனான்," என்றார்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். அக்கா அறைக்குள் இருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அன்று காலையில் அவள் மூக்குத்தியைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததை நான் கண்டிருந்தேன்.

"சாத்திரியார் வீட்டுப் பொம்பிளைக்குக் குறிப்பு என்னத்துக்கு எண்டு கேட்டனான். உவர் அண்ணைதான் விடேல்லை," என்று அந்த அம்மா தமையனைக் காட்டினார்.

ஐயா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து அக்காவின் குறிப்பு எழுதிய ஓலை நறுக்கை எடுத்துவந்து கொடுத்தார். "செவ்வாய் எட்டிலை. ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

தங்கள் பிள்ளைக்குச் செவ்வாய் இல்லை என்று தமையனார் மெல்லச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் உடனே மறுப்புச் சொல்லவில்லை. "யோசிப்பம். வாற வெள்ளிக்கு முந்திச் சொல்லிவிடுறன்," என்றார். போகும்போது வெளிவாசற் படலையடியில் அம்மாவின் கையைப் பிடித்து, "இப்பிடியும் ஒரு மனுசனோ! வேறை ஆரெண்டாலும் மறைச்சிருப்பினம்," என்றார். புகழ்ச்சிதான். அம்மா கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அடுத்த நாள் மழை பிடித்தது. நான் வேலைக்குப் போகவில்லை. அம்மா அடுப்படியில் இருந்து முற்றத்து வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பிடித்தான் அண்டைக்கும். விட்டு விடாமல் ஊத்தினது. உன்ரை அக்கா பிறந்த அண்டைக்கு."

"பகலிலையோ?"

"பின்னை? விடிய வெளிக்கிட்ட மழை, பொழுதுபட்டும் விடேல்லை. உருட்டின தேசிக்காய் மிதந்து போய்ப் படலையடியிலை நிண்டது. எடுக்க ஆளில்லை. ஐயா மானிப்பாய்க்கு ஒரு பொருத்தம் பாக்கப் போயிட்டார். மழை இருட்டிலை நேரத்தோடை விளக்கு வைக்கத்தான் வந்தவர்."

"அப்ப நேரம் ஆர் பாத்தது?"

அம்மா கொள்ளியைத் தள்ளிவிட்டார். "அப்ப இந்த மணிக்கூடு இல்லை. ஐயா துடக்கு எண்டு என்னட்டை வரேல்லை. பிள்ளை பெத்த வீடு கழியாமல் அவர் கிட்ட வரமாட்டார், உனக்குத் தெரியும்தானே. மருத்துவிச்சிக் கிழவியைக் கேட்டார். அவள் 'இப்பதான் ஐயா' எண்டாள். அவளுக்கு விடியப் பிறந்ததும் இப்பதான், நேற்றுப் பிறந்ததும் இப்பதான்."

நான் தாய்மாரிடம் விசாரிக்கும் முறையிலேயே கேட்டேன். "உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, அம்மா?"

"மணி. பள்ளிக்கூடம் விடுற மணி. கொக்காவைக் குளிப்பாட்டி, துணி சுத்தி, நான் பால் குடுத்து, அவள் கண் அயர்ந்த நேரம் மணி அடிச்சது. திடுக்கிட்டு வீரிட்டவள். அந்தச் சத்தம் இப்பவும் காதிலை கிடக்கு."

நஞ்சுக்கொடி விழ வேண்டும், தொப்புள்கொடி அறுக்க வேண்டும், தாயைத் துடைக்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், பால் கொடுக்க வேண்டும். எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் ஒரு மணித்தியாலம். அக்கா இரண்டரைக்கு முன்பே பிறந்துவிட்டாள்.

"இதை ஐயாவுக்குச் சொல்லேல்லையோ?"

"முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிஞ்ச கையோடை சொன்னனான். 'எழுதி முடிஞ்சுது' எண்டார். எட்டாம் வீடு, ஒன்பதாம் வீடு எண்டு எனக்கு என்ன தெரியும்? கைப்பிள்ளைக்கு ஆர் கலியாணம் பேசுறது?"

ஐயா குளிக்கப் போன நேரம் அலுமாரியைத் திறந்து பழைய கணக்குக் கொப்பியை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கோடுகள், திருத்தங்கள். என் சாதகக் கணக்குப் பக்கத்தில் மட்டும் ஐந்து இடங்களில் கோடு. அக்காவின் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. உதயத்திலிருந்து நாழிகை இருபத்தாறு, விநாடி பதினைந்து என்று எழுதியிருந்தது. அதாவது பின்னேரம் நாலேமுக்காலுக்குக் கிட்ட. அதற்குக் கீழே, நிழல் இருபத்தேழு அடி.

விடாமல் மழை பெய்த நாளில் இருபத்தேழு அடி நிழல்.

என் கொப்பியில் கட்டம் போட்டேன். அக்கா பிறந்த அன்று மத்தியானத்திலிருந்து பொழுதுபடும் வரை வரக்கூடிய லக்கினங்கள் கும்பம், மீனம், மேடம், இடபம். செவ்வாய் தனுவில். கும்பத்திலிருந்து எண்ணினால் பதினொன்று. மீனத்திலிருந்து பத்து. மேடத்திலிருந்து ஒன்பது. இவற்றில் ஒன்றும் குற்றமில்லை. பொழுதுபடுமுன் கடைசியாக வரும் இடபத்திலிருந்து எண்ணினால் மட்டும்தான் எட்டு. மூன்று தரம் சரிபார்த்தேன். பிழை பிடிக்க முடியவில்லை.

மழை சற்று விட்டிருந்தது. ஐயா திருநீறு பூசி வந்து விறாந்தை மேசையில் பஞ்சாங்கத்தை விரித்தார். நான் அவருடைய கொப்பியையும் என்னுடையதையும் அதன்மேல் வைத்தேன்.

"ஐயா, அக்கா பிறந்த அண்டைக்கு மழையெல்லோ?"

"ஆர் சொன்னது?"

"அம்மா."

"கொம்மாவுக்கு வேறை வேலை இல்லை."

"மழையிலை நிழலை எப்பிடி அளந்தனீங்கள்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேரம் தெரிஞ்சால் நிழலைக் கணக்காலை எடுக்கலாம். நீயும் எடுப்பாய்."

"நேரம் தெரிஞ்சால்தானே, ஐயா."

என் கட்டத்தை அவர் பார்த்தார். வாசிக்கும் வேகத்திலிருந்து அது அவருக்குப் புதிதில்லை என்று விளங்கியது. தெரியாத கணக்கென்றால் அவருடைய விரல் வரிக்கு வரி நகரும். இப்போது விரல் மேசையில் கிடந்தது.

"நீங்கள் முந்தியே போட்டுப் பாத்திருக்கிறியள்."

"ஓம்."

"எப்ப?"

"கொம்மா மணியைச் சொன்ன அண்டைக்கே." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "குறிப்பு எழுதிக் கோயிலிலை வைச்சு எடுத்தாச்சு. சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியாச்சு. எட்டிலை செவ்வாய் எண்டு நானே வாயாலை சொல்லிப்போட்டு, முப்பது நாளிலை ஒன்பதிலை எண்டால், பிள்ளைக்காக மாத்தினவன் எண்டு ஊர் சொல்லாதோ? அவளுக்கேற்ற ஒருத்தன், செவ்வாயோடை, வருவான் எண்டு இருந்தனான். வரேல்லை."

"உரும்பிராயாருக்கு இப்ப சொல்லுங்கோ. வெள்ளிக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு."

"என்னெண்டு? இருபத்தெட்டு வருசமா நான் சொன்னது பிழை எண்டோ? அப்ப நான் எழுதின மற்றக் குறிப்புகள்? இந்த மேசையிலை எழுதின ஒவ்வொண்டையும் கொண்டு படலையடியிலை வந்து நிப்பினம்."

"ஒரு கோடு இழுத்துவிட்டு எழுதலாமே, ஐயா. நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார். அவர் கோபிக்கவேண்டும் என்று நான் விரும்பினேன். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்றுவரை நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை. அன்றே அக்காவிடம் சொன்னேன். உண்மை அவளுக்குச் சொந்தமானது, அவள் கேட்டால் ஐயா மறுக்கமாட்டார் என்று எண்ணினேன். அவள் கிணற்றடியில் குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். நான் மழை, தேசிக்காய், மணி, இருபத்தேழு அடி என்று ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

"அப்ப நான் எத்தினை மணிக்குப் பிறந்தனான்?"

"ரெண்டரைக்கு முந்தி."

"ஐயாவுக்கு எப்ப தெரியும்?"

"உனக்கு முப்பத்தொரு நாளாய் இருக்கேக்கை."

குடத்துக்குள் கையை விட்டு அவள் அடியைத் தேய்த்தாள்.

"நான் உரும்பிராய்க்குப் போய்ச் சொல்லுறன்," என்றேன். "சைக்கிளிலை அரை மணித்தியாலம்."

"போகாதை. கலியாணத்துக்காகக் குறிப்பை மாத்தீட்டினம் எண்டுதான் நினைப்பினம். ஐயா சொன்னால்தான் நம்புவினம்." குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினாள். "நீயும் இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"ஏனக்கா?"

"செவ்வாயோடை எனக்குக் கோவமில்லை. அது தன்ரை பாட்டுக்கு எங்கையோ சுத்துது. அதுக்கு என்னைத் தெரியாது. அப்பிடி நினைச்சுத்தான் ஒவ்வொருத்தரும் வந்து போகேக்கை இருந்தனான். இனி எப்பிடி இருக்கிறது?"

கவிழ்த்த குடத்தை எடுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அவள் ஐயாவிடம் போய் ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவும் உரும்பிராய்க்கு ஆள் அனுப்பவில்லை. அந்த மூன்று நாளும் அவர் படலைப் பக்கம் பார்த்தபடி விறாந்தையில் இருந்தார். ஒவ்வொரு நாளும் சால்வையை எடுத்துத் தோளில் போடுவார், பிறகு கழற்றிக் கொடியில் போடுவார். வெள்ளிக்கிழமை காலை உரும்பிராயிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கு விருப்பம்தானாம். தமையனார் பயப்படுகிறாராம். குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம். தை மாதம் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது.

ஐயாவிடம் இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கண் மங்கிவிட்டதால் கணக்குத் தாளை என்னிடம் நீட்டுகிறார். நான் சரிபார்த்துக் கொடுக்கிறேன். பிறந்த பிள்ளைகள் என்ன பிழை செய்தார்கள்? கூட்டல் கழித்தல் எப்போதும்போலச் சரியாகவே இருக்கிறது. மேலே எழுதியிருக்கும் முதல் எண்ணை யார் பார்த்துச் சொன்னார்கள் என்று மட்டும் கேட்கிறேன். அவர் பதில் சொல்லுகிறார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. "பிழை பிடியடி பாப்பம்" என்று அவர் இப்போது சொல்வதில்லை. போன மாதம் அலுமாரியைத் துடைக்கும்போது அக்காவின் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இன்னும் கோடு விழவில்லை.

அக்கா ஐயாவின் வேட்டியைத் தோய்க்கிறாள். அவருக்குப் பிடித்தபடி குழம்பில் புளியைக் குறைக்கிறாள். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருக்கிறாள். அவரோடு அளவாகக் கதைக்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பின்னேரம் மூன்றரைக்கு மணி அடிக்கும்போது மட்டும் அவள் செய்துகொண்டிருக்கும் வேலை நின்றுவிடும். கையில் விளக்குமாறென்றால் விளக்குமாறோடு, உலக்கையென்றால் உலக்கையோடு, அடித்து ஓயும் வரை நிற்பாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணியை ஆற்றி, பித்தளைத் தட்டில் வைத்து, விறாந்தை வாசல் வரை கொண்டுவருவாள்.

"தங்கச்சி, இதை ஐயாவுக்குக் கொண்டுபோய்க் குடு," என்பாள்.

நான் வேலைக்குப் போன நாட்களில் அம்மா கொண்டுபோகிறார்.